வெளியேறும் வாசல்: மலாயா, சிங்கப்பூர் வீடுகளில் இல்லப் பணியின் ஊதிய வரலாறு

மலாயாத் தமிழரின் உழைப்பு வரலாறு பெரிதும் தோட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இரப்பர் மரம், லயம், பெரட்டு, கங்காணி, கிராணி என்னும் சொற்களைச் சுற்றியே ஆய்வுகள் வளர்ந்தன. அதே தோட்டத்தின் மேட்டில் நின்ற துரையின் பங்களாவில் பிள்ளை வளர்த்த ஆயா, குசினியில் நின்றவர், துணி வெளுத்தவர், புல்வெட்டியவர், இரவில் ஜாகா பார்த்தவர் ஆகியோர் இந்த வரலாற்றின் ஓரத்தில் ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றனர். மரம் சீவியவரின் ஒருநாள் கூலி எவ்வளவு என்பதை அரசு ஆவணங்களைக் கொண்டு காசுக்கணக்கில் சொல்ல முடியும். பங்களா ஆயாவின் சம்பளத்தை அவ்வாறு சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை ஆவணக் குறைபாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. வீட்டினுள் செய்யப்படும் வேலைக்கு அரசு விலை குறிப்பதில்லை என்ற கொள்கையே அதன் காரணம். அக்கொள்கை குடியேற்ற ஆட்சியோடு முடிந்துவிடவில்லை என்பதையும், இல்லப் பணியாளரின் ஊதியம் அவர் செய்யும் வேலையைவிட, அவரால் அவ்வீட்டை விட்டு வெளியேற முடியுமா என்பதையே சார்ந்து வந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தோட்டக் கூலியும் பங்களாச் சம்பளமும்

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் கடல் கடந்து செல்லும் வேலையை இரண்டாகப் பிரித்தது. வேளாண் உழைப்பு திறன்சாரா வேலை எனப்பட்டது. கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, உணவக ஊழியர் ஆகியோரின் வேலைகள் திறன்சார் வேலை எனப்பட்டன. வீட்டு வேலையும் இந்த இரண்டாம் பட்டியலிலேயே இடம்பெற்றது. இன்று வீட்டு வேலையைத் ‘திறனற்ற வேலை’ என்று கூறியே குறைந்த ஊதியத்தை நியாயப்படுத்துவோருக்கு இது வியப்பளிக்கும். நூறாண்டுகளுக்கு முன்னர் சட்டம் அதனைத் திறன் என்றே ஏற்றிருந்தது. ஆயினும் அந்த ஏற்பினால் ஆயாவுக்கு ஊதியப் பயன் எதுவும் கிட்டவில்லை. திறன்சார் வேலைக்கு ஆளெடுப்போர் அரசின் அனுமதி பெறவேண்டும் என்ற அளவில் ஏற்பாடு நின்றது. ஊதியத்தைப் பற்றிய பேரம் முழுவதும் மற்றப் பிரிவினருக்காகவே நடைபெற்றது.

அப்பேரத்தின் விளைவு அறியப்பட்டதே. இந்திய அரசின் வற்புறுத்தலால், மலாயாவில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு ‘நியமக் கூலி’ வகுக்கப்பட்டது. 1920களின் பிற்பகுதியில், எளிதில் சென்றடையக்கூடிய மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என அது அமைந்தது. நியாயக் கூலி என்று சொல்லப்பட்டதிலும் பெண்ணின் உழைப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு முன்னதாகவே கழிக்கப்பட்டிருந்தது. 1930இல் பொருளாதார மந்தத்தைக் காட்டி அதுவும் 20 விழுக்காடு குறைக்கப்பட்டது. 1938இல் மீண்டும் கூலிக்குறைப்பு முன்வைக்கப்பட்டபோது, உதவிபெற்றுச் செல்லும் திறன்சாராத் தொழிலாளரின் குடிபெயர்வை இந்திய அரசு நிறுத்தியது.

இங்குக் கவனிக்கவேண்டியது கூலியின் அளவன்று. அளவு என்றும் போதுமானதாக இருந்ததில்லை. ஆளனுப்புவதை நிறுத்தும் வல்லமை ஒரு தரப்பிடம் இருந்ததால்தான் மறுதரப்பு கூலியைப் பற்றிப் பேச வந்தது. பங்களா வாசலில் நின்றவருக்காக அவ்வாறு பேச எவரும் இல்லை. அவருடைய சம்பளத்தைத் துரைசாணி முடிவு செய்தார். சோறும் பழைய துணியும் பின்கட்டில் ஓர் அறையும் அதில் அடக்கம். கணவன் அதே தோட்டத்தில் மரம் சீவுபவனாக இருந்தால், மனைவி பங்களா வேலையை விடுவது குடும்பத்தையே லயத்திலிருந்து வெளியேற்றும் அளவுக்குப் போகலாம். வேலையும் உறைவிடமும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது சம்பளத்தைப் பேரம் பேசுவது எளிதன்று.

ஆமாக்களின் அறை

அதே காலத்தில், அதே நகரங்களில், வேறொரு வகை இல்லப் பணியாளர் தம் நிலையைப் பெரிதும் மாற்றிக்கொண்டனர். 1933இல் நடைமுறைக்கு வந்த அந்நியர் சட்டம் சீன ஆண் தொழிலாளரின் வருகைக்கு வரம்பிட்டது. பெண்களுக்கு அவ்வரம்பு 1938 வரை இல்லை. குவாங்டோங் மாநிலத்தின் முத்து ஆற்றுக் கழிமுகத்திலிருந்து பெண்கள் பெருந்தொகையில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். அவர்களுள் பலர் கூந்தலை முடிந்து, மணம் செய்வதில்லை என்று உறுதி பூண்டவர்கள். வெள்ளை மேற்சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த ‘ஆமா’க்கள் என்று அவர்கள் அறியப்பட்டனர்.

ஆமாக்களின் ஆற்றலுக்குச் சமையல் தேர்ச்சியும் நேர்த்தியும் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அவை உண்மையே. ஆனால் அதைவிட முதன்மையான காரணம் சைனாடவுனின் கடைவீட்டு மாடிகளில் இருந்தது. பல ஆமாக்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறுதொகை செலுத்தி ஓர் அறையைக் கூட்டாக வாடகைக்கு எடுத்தனர். ‘கொங்சி’ அறை என்பது அதன் பெயர். பெட்டியை அங்கே வைத்தனர். விடுமுறை நாளில் அங்கே சென்றனர். எந்த வீட்டில் என்ன சம்பளம், எந்த எசமானி கடுஞ்சொல் பேசுபவர் என்ற செய்திகளையெல்லாம் அங்கே பரிமாறிக்கொண்டனர். வேலை பிடிக்காவிடில் அன்றே விட்டுவிட்டு அந்த அறைக்குத் திரும்ப முடிந்தது. துவைப்பவர், சமைப்பவர், பிள்ளை பார்ப்பவர் எனத் தம் வேலையை வரையறுத்துக்கொண்டனர். எல்லா வேலையையும் ஒருத்தியே செய்தால் அதற்கு ‘ஒரே காலால் உதைப்பவள்’ என்னும் பொருள்படும் தனிப்பெயர் இருந்தது. வேலைக்குத் தனிப்பெயர் இருந்தமையால் தனிச்சம்பளம் கேட்கவும் முடிந்தது. இவர்களுக்கென்று எந்த ஊதியச் சட்டமும் இருந்ததில்லை. ஆனால் திரும்பிச் செல்ல ஓர் அறை இருந்தது.

தங்குமிடம் ஒன்று இருந்தாலே போதும் என்று இதனைப் பொதுமைப்படுத்தவும் இயலாது. அதற்கு மாற்றுச் சான்று இலண்டனில் கிடைக்கிறது. பிரித்தானியக் குடும்பங்களோடு கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சென்ற சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆயாக்கள் பலர் அங்குக் கைவிடப்பட்டனர். அவர்களுக்காக ஆயாக்கள் இல்லம் ஒன்று இயங்கியது. 1900இல் அது ஹாக்னியின் கிங் எட்வர்ட் சாலைக்கு இடம்மாறியது. அக்கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பொருத்தப்பட்டது. கிறித்தவ ஊழியம் ஒன்றின் மேலாண்மையில் இருந்த அவ்வில்லத்தில் ஆயா தம் திரும்புபயணச் சீட்டை ஒப்படைக்க, இந்தியா செல்லும் மற்றொரு குடும்பத்துக்கு அச்சீட்டோடு அவரது சேவையும் மாற்றித் தரப்பட்டது. உணவும் கூரையும் கிடைத்தன என்பது பெரிய உதவியே. எனினும் சீட்டு ஆயாவின் கையில் இல்லை. ஆமாவின் அறைக்கும் ஆயாவின் இல்லத்துக்கும் இடையிலான வேறுபாடு அந்தச் சீட்டில் இருந்தது.

சட்டத்தின் விலக்கு

விடுதலையை ஒட்டிய காலத்திலும் அதன் பின்னரும் தொழிலாளர் சட்டங்கள் விரிவடைந்தன. வீட்டு வாசலில் அவை நின்றுவிட்டன. மலாயாவின் 1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் ‘இல்ல ஊழியர்’ என்பதற்கு நீண்ட விளக்கம் தருகிறது. சமையற்காரர், பட்லர், பிள்ளைத்தாதி, தோட்டக்காரர், வெளுப்பவர், காவற்காரர், குதிரைக்காரர், ஓட்டுநர் எல்லாரும் அதில் அடங்குவர். தமிழர் செய்து பழகிய வேலைகள் பலவும் இப்பட்டியலில் உள்ளன. இவ்வளவு கவனமாகப் பெயர் சொல்லியதன் நோக்கம், வேலைநேரம், ஓய்வுநாள், பொது விடுமுறை, பேறுகாலப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளிலிருந்து அவர்களை நீக்குவதே. எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கது 14 நாள் முன்னறிவிப்பு.

சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டுத் தொழில் சட்டமும் இல்லப் பணியாளரை முற்றிலும் விலக்கியது. அச்சட்டத்தின் வரையறையில் வீட்டு ஊழியரோடு ‘தொழுவ ஊழிய’ரும் இடம்பெற்றுள்ளார். அடுக்குமாடி வீட்டில் குதிரைத் தொழுவம் இல்லை என்பது வெளிப்படை. பங்களா காலத்து எசமான்–ஊழியர் உறவு சொல்மாறாமல் குடியரசின் சட்டநூலில் ஏறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2013 சனவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்ச ஊதிய ஆணை நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று தொடங்கி, 2022 மே மாதத்தில் 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவருக்கு அது உரியது. இல்ல ஊழியருக்கு உரியதன்று. 1920களின் பிரிவினை அப்படியே தொடர்ந்தது. 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ‘இல்ல ஊழியர்’ என்னும் பழம்பெயரை நீக்கி ‘இல்லப் பணியாளர்’ என்னும் பெயரை அளித்தது. வேலைநேரம், விடுமுறை ஆகியவற்றில் விலக்குகள் நீடித்தன. தமிழிலும் இதே போக்கைக் காணலாம். ‘வேலைக்காரி’ போய்ப் ‘பணிப்பெண்’ வந்தது. ‘பணிப்பெண்’ போய் ‘இல்லப் பணியாளர்’ வந்தது. பெயரின் மதிப்பு உயர்ந்த வேகத்தில் ஊதியம் உயர்ந்ததாகச் சொல்ல இயலாது.

நாட்டுக்கொரு விலை

உள்ளூர்ப் பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றபின், வீட்டைப் பார்த்துக்கொள்ள 1978இல் சிங்கப்பூர் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பிலிப்பீன்சு, தாய்லாந்து, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து பெண்களை வரவழைக்க அது வழிசெய்தது. பின்னர் இந்தோனேசியா, இந்தியா, மியன்மார் முதலிய நாடுகளும் சேர்ந்தன. 2019 முடிவில் சிங்கப்பூரில் இருந்த வெளிநாட்டு இல்லப் பணியாளரின் எண்ணிக்கை 2,60,000ஐத் தாண்டியிருந்தது. இலங்கையின் மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த தமிழ்ப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பெண்ணுக்கு, வேலையும் உறைவிடமும் ஒரே கையில் இருக்கும் வாழ்க்கை புதிதன்று.

சிங்கப்பூரில் இல்லப் பணியாளருக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியம் இல்லை. ஆயினும் சந்தையில் ஊதியத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அது கடவுச்சீட்டின் ஒழுங்கு. ஒரே கழிப்பறையைக் கழுவி, ஒரே முதியவரைத் தூக்கி அமர்த்தும் வேலைக்குப் பிலிப்பீன்சுப் பெண்ணுக்கு ஒரு விலை, இந்தோனேசியப் பெண்ணுக்கு ஒரு விலை, இலங்கை, இந்தியா, மியன்மார்ப் பெண்களுக்கு வேறொரு விலை என்று முகவர்கள் விளம்பரம் செய்தனர். இவ்வேறுபாட்டுக்கு ஆங்கிலப் பேச்சுத்திறன் காரணமாகக் கூறப்பட்டது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தமிழே பேசும் வீட்டில் தமிழ்ப்பெண்ணின் மொழித்திறன் மதிப்புக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலில் அவ்வாறு காணப்படவில்லை. உண்மையான காரணம் அனுப்பும் அரசின் பேரவலிமை. 2006இன் இறுதியில் பிலிப்பீன்சு, தன் நாட்டுப் பெண்களுக்கு மாதம் 400 அமெரிக்க டாலருக்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்றும், ஆளமர்த்தும் கட்டணத்தை அவர்களிடம் வாங்கக்கூடாது என்றும் அறிவித்தது. இந்தோனேசியா 2009இல் மலேசியாவுக்கு இல்லப் பணியாளரை அனுப்புவதை நிறுத்திவைத்தது. நீண்ட பேச்சுகளுக்குப் பின்னரே மீண்டும் திறந்தது. 2022 ஏப்ரல் முதல்நாள் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் இந்தோனேசியப் பெண்களுக்கு 1,500 ரிங்கிட் என்று எழுதப்பட்டது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளருக்காகச் செய்ததையே சக்கார்த்தா இல்லப் பணியாளருக்காகச் செய்தது எனலாம்.

இத்தகைய உடன்பாடு ஒரு நாட்டாரை உயர்த்தும்போது மற்ற நாட்டாரின் விலைகுறைவைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறது என்பதும் மறுக்கவியலாதது. இந்தியாவைப் பொறுத்தவரை, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. 30 வயதுக்குட்பட்ட பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்பத் தடை போன்ற பாதுகாப்பு விதிகள் அப்பட்டியலுக்கு உட்பட்டவையே. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் பெண்ணின் ஊதியம், பெரும்பாலும் முகவருக்கும் அமர்த்தும் குடும்பத்துக்கும் இடையிலான பேச்சில் முடிகிறது.

ஆங்காங்கின் வழி வேறு. அங்கு 1973 முதல் வெளிநாட்டு இல்லப் பணியாளர் அனைவருக்கும், எந்நாட்டவராயினும், ஒரே குறைந்தபட்ச அனுமதி ஊதியம் உண்டு. தொழில் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தும். அதைப் பொற்காலமாகக் காட்டவேண்டியதில்லை. 2011இல் வந்த பொதுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வீட்டோடு தங்குவோரை விலக்கியது. ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்தில் வெளியேறவேண்டும் என்ற விதி பேரவலிமையைப் பறிக்கிறது. குறித்த ஊதியத்துக்கும் கீழே பெற்ற இந்தோனேசியப் பெண்கள் பலர். எனினும் ‘இந்த நாட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு போதும்’ என்று சட்டப்படி சொல்ல அங்கு இடமில்லை.

சிங்கப்பூரின் ஊதியக் கணக்கில் இன்னொரு கூறும் உண்டு. 1984இல் அமர்த்துவோர் மீது மாதம் 120 வெள்ளி தீர்வை விதிக்கப்பட்டது. பின்னர் அது பலமுறை மாறியது. பல ஆண்டுகளில் இந்தோனேசிய, இலங்கைப் பெண்கள் கையில் பெற்ற மாதச் சம்பளத்தை இத்தீர்வை எட்டியது அல்லது மிஞ்சியது. 2019 முதல் வழக்கமான தீர்வை 300 வெள்ளி; சிறுபிள்ளையோ முதியவரோ உள்ள வீட்டுக்கு 60 வெள்ளி. ஆக, ஒரு குடும்பத்துக்கு மாதம் 240 வெள்ளி மிச்சமாகிறது. பிள்ளையும் முதியவரும் உள்ள வீட்டில்தான் வேலை மிகுதி. சலுகை அவ்வேலையைச் செய்பவரைச் சென்று சேரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இதற்கு முன்பே கடன் தொடங்கிவிடுகிறது. முகவர் கட்டணத்தை அடைக்க நான்கு முதல் பத்து மாதங்கள் வரை சம்பளமின்றி உழைத்த பெண்களைப் பற்றி 2005இல் வெளிவந்த மனித உரிமை ஆய்வு பதிவு செய்தது. பின்னர் முகவர் பெறும் கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று உச்சவரம்பு வந்தது. ஊரில் உள்ள முகவருக்குத் தரும் தொகை அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறது.

2013இல் வாரம் ஒருநாள் ஓய்வு சட்டமானது. ஆனால் இருதரப்பும் இசைந்தால் ஓய்வுக்கு மாற்றாகப் பணம் தரலாம். அந்தப் பணம் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துக் கணிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 650 வெள்ளி பெறுபவரின் ஞாயிற்றுக்கிழமை 25 வெள்ளிக்கு விலைபோகும். மாதத்தில் ஓர் ஓய்வுநாளையேனும் பணத்துக்கு மாற்றக்கூடாது என்ற விதி வர 2023 ஆனது. அந்த ஒருநாளின் மதிப்பு உடல் ஓய்வோடு நிற்பதன்று. ஆமாக்களின் கொங்சி அறை செய்த வேலையை இன்று பூங்காக்களிலும் கோயில் வளாகங்களிலும் தேக்கா கடைத்தெருவிலும் ஞாயிற்றுக்கிழமை செய்கிறது. எந்த வீட்டில் என்ன சம்பளம் என்ற செய்தி அங்குதான் கைமாறுகிறது.

வீட்டினுள் சொல்லப்படும் நியாயங்கள்

வெளிநாட்டில் வாழும் தமிழ்க்குடும்பம் இன்று இவ்வரலாற்றில் பெரிதும் அமர்த்தும் தரப்பில் நிற்கிறது. நியாயமான ஊதியம் எது என்ற வினாவுக்கு அங்கு மூன்று விடைகள் வழங்குகின்றன. முதலாவது, ‘ஊரில் இவ்வேலைக்கு இவ்வளவு கிடைக்குமா?’ என்பது. இவ்வொப்பீடு வசதியானது. மென்பொருள் பொறியாளர் தம் சம்பளத்தை அவ்வாறு ஒப்பிட இசையமாட்டார். துரையும் தோட்டக் கூலியைத் தஞ்சாவூர்க் கூலியோடு ஒப்பிட்டே நியாயம் கண்டார்.

இரண்டாவது, உணவும் அறையும் தருகிறோம் என்பது. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையே ஊதியத்தில் ஒரு வரையறுத்த பகுதியைப் பொருளாகத் தர இடமளிக்கிறது. ஆனால் அது பணியாளர் ஏற்றுக்கொண்டதாகவும், அவரது சொந்தப் பயனுக்கு உரியதாகவும் இருக்கவேண்டும். சிங்கப்பூரில் அமர்த்துவோர் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது வேலை அனுமதியின் நிபந்தனை. பல வீடுகளில் அந்த ‘அறை’ பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே விரிக்கும் பாய். இரவில் குழந்தை அழுதால் எழவேண்டியவர் அங்கே படுக்கிறார். அதைப் பணியாளருக்குத் தரும் பயன் என்று கணக்கெழுதுவது கடினம். 2011 சூன் 16 அன்று அவ்வுடன்படிக்கை நிறைவேறியபோது வாக்களிக்காமல் ஒதுங்கிய அரசுகளுள் சிங்கப்பூரும் மலேசியாவும் இருந்தன.

மூன்றாவது விடை, ‘வீட்டில் ஒருத்தி போல’ என்பது. தமிழ் வீடுகளில் இதன் செல்வாக்கு மிகுதி. பணியாளர் ‘அக்கா’ என்கிறார். பிள்ளைகள் அவரை ‘ஆன்ட்டி’ என்கின்றனர். தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகின்றனர். அன்பு பொய்யன்று. ஆனால் உறவுமுறைச் சொல் வந்த இடத்தில் கணக்குக் கேட்பது நாகரிகமற்றதாகிவிடுகிறது. புடவைக்கு நன்றி சொல்லியவர் மறுவாரம் கூடுதல் வேலைநேரத்துக்குப் பணம் கேட்பதெப்படி? சம்பளத்தைப் ‘பத்திரமாக’ எசமானியே வைத்திருந்து, ஊர் திரும்பும்போது மொத்தமாகத் தருவது இவ்வுறவின் பெயரால் நெடுங்காலம் நடந்தது. 2019 சனவரி முதல் சிங்கப்பூர் அதனைத் தடைசெய்தது.

வீட்டு வேலைக்கு விலை குறிக்க இயலாது, அது நிறுவனம் அன்று, வீடு என்ற வாதமும் உண்டு. சிங்கப்பூரின் அண்மைக்கால ஏற்பாடு ஒன்றே அதற்கு மறுமொழி. 2017இல் சோதனையாகத் தொடங்கி 2021இல் நிலைபெற்ற இல்லச் சேவைத் திட்டத்தின்கீழ், நிறுவனங்கள் வெளிநாட்டுப் பெண்களை அமர்த்தி, மணிக்கணக்கில் வீடுகளுக்குத் துப்புரவுப் பணிக்கு அனுப்புகின்றன. அனுமதிக்கப்பட்ட நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் உண்டு. இப்பெண்களை அமர்த்துவது நிறுவனம் என்பதால் தொழில் சட்டம் இவர்களுக்குப் பொருந்துகிறது. வேலைநேரத்துக்கு வரம்பும், மிகைநேரத்துக்குக் கூடுதல் ஊதியமும், சம்பளத்துடன் விடுமுறையும் உண்டு. தரை அதே தரை, துடைப்பம் அதே துடைப்பம். ஒரே மாடியில் அடுத்தடுத்த இரு வீடுகளில், ஒரே மாவட்டத்திலிருந்து வந்த இருவர் இன்று வேலை செய்யக்கூடும். ஒருவருக்கு மணிக்கணக்கு உண்டு. மாலையில் வேலை முடிந்ததும் மின்தூக்கியில் கீழிறங்கித் தம் விடுதிக்குச் செல்கிறார். மற்றவர் அக்கதவை உள்ளிருந்து சாத்திவிட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களையத் தொடங்குகிறார்.